டர்போ வண்டிக்குத் தனி இன்டர்கூலரும் பைப்பிங்கும் பொருத்துதல்

டர்போ காற்றை அமுக்கும்போது காற்று சூடாகிறது. மே மாதம் ஆவடி–பூந்தமல்லி சாலையில் வெளிக்காற்று 40 டிகிரி செல்சியஸ் இருந்தால், 1 பார் பூஸ்ட் தரும் டர்போவிலிருந்து வெளியே வரும் காற்று 135 முதல் 140 டிகிரி வரை ஏறும். கம்ப்ரசரின் திறன் 70 விழுக்காடு என்று வைத்துப் போட்ட கணக்கு இது. வண்டி ஓட்டத்தில் இருக்கும்போது நல்ல இன்டர்கூலர் அந்தக் காற்றை 70 டிகிரி அளவுக்கு இறக்கிவிடும். அப்போது அதே அழுத்தத்தில் சுமார் 20 விழுக்காடு கூடுதல் காற்று சிலிண்டருக்குள் போகிறது. பெட்ரோல் எஞ்சினில் நாக்கிங் குறையும். டீசலில் புகையும் எக்ஸாஸ்ட் வெப்பமும் குறையும். இந்த வேலைக்குத் தேவையான கொள்கை இவ்வளவுதான்.

பெரிய இன்டர்கூலர் வாங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது என்ற நினைப்பு பரவலாக உண்டு. நடைமுறையில் பலன் கிடைப்பதும் கெடுவதும் இணைப்புகளிலும், இன்டர்கூலரின் கோருக்குக் காற்று வந்து போகும் வழியிலும்தான். கசிவில்லாத நடுத்தர அளவு இன்டர்கூலர், கசியும் பெரிய இன்டர்கூலரைவிட எப்போதும் மேல்.

எந்த வண்டிக்குப் பொருந்தும்

2004-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1.8 லிட்டர், 150 குதிரைத்திறன் டர்போ பெட்ரோல் எஞ்சின். அதன் சொந்த இன்டர்கூலர் சின்னது. பம்பரின் ஓரத்தில், முன் சக்கர வளைவுக்கு முன்னால் ஒதுங்கியிருக்கும். நேர்க்காற்று அங்கே குறைவாகத்தான் போகும். அதை எடுத்துவிட்டு ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு கோரைக் கொண்டுவருவது உலகெங்கும் பழகிப்போன மாற்றம். இன்டர்கூலரே இல்லாமல் வந்த பழைய டர்போ டீசல் ஜீப், பிக்கப் வகைகளிலும் பலன் தெளிவாகத் தெரியும்.

போலோ ஜிடி டிஎஸ்ஐ போன்ற வண்டிகளில் இன்டர்கூலர் இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே தண்ணீரால் குளிர்விக்கப்படுகிறது. அங்கே இந்த அத்தியாயத்தின் முறை செல்லாது. பிஎஸ்-6 டீசல் வண்டிகளையும் தொடாமல் விடுவதே நல்லது. காற்றோட்ட அளவு சிறிது மாறினாலும் இஜிஆர், டிபிஎஃப் கட்டுப்பாடுகள் பிழைக்குறியீடு காட்டும், வாரண்டியும் போகும்.

சட்டம்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்சியில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஆகவே சேஸியை வெட்டுவது, பம்பருக்குப் பின்னுள்ள மோதல் தாங்கும் இரும்புச் சட்டத்தை அறுப்பது, போனட்டில் துளை போடுவது எதுவும் இந்த வேலையில் வராது. அறுக்காமல் இடம் கிடைக்கவில்லை என்றால் அந்தக் கோர் அந்த வண்டிக்கு இல்லை. வேலை தொடங்கும் முன்பே இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும்.

கோரைத் தேர்ந்தெடுத்தல்

சந்தையில் இரண்டு வகை உண்டு. டியூப்-ஃபின் வகை எடை குறைவு, காற்றை எளிதாகப் பின்னால் விடும். பார்-பிளேட் வகை கனம், ஆனால் கல்லடி தாங்கும். சிறிது நேர வெப்பத்தை உள்வாங்கி வைத்துக்கொள்ளும். சிக்னலுக்குச் சிக்னல் நின்று நின்று போகும் அம்பத்தூர்–ஆவடி ஓட்டத்தில், ஏசிக்கும் ரேடியேட்டருக்கும் காற்று விடும் டியூப்-ஃபின் வகையே வசதி. 150 முதல் 200 குதிரைத்திறனுக்கு 550 மி.மீ. அகலம், 180 மி.மீ. உயரம், 65 மி.மீ. தடிப்புள்ள கோர் போதும். தடிப்பைக் கூட்டுவதைவிட முகப்பரப்பைக் கூட்டுவதில்தான் லாபம்.

உயரத்தை ஒரு கட்டுக்குள் வைக்க ஒரு காரணம் இருக்கிறது. ரேடியேட்டரின் முழு முகத்தையும் கோர் மறைத்தால், பூந்தமல்லி சந்திப்பில் பத்து நிமிடம் நிற்கும்போது ஏசி சூடான காற்றை ஊதத் தொடங்கும், டெம்பரேச்சர் முள்ளும் மேலே போகும். ரேடியேட்டர் முகத்தில் பாதியாவது நேராகக் காற்று வாங்க வேண்டும்.

புதுப்பேட்டையில் பழைய வண்டிகளிலிருந்து எடுத்த இன்டர்கூலர்கள் மலிவாகக் கிடைக்கும். வாங்கும் முன் வாய்க்குள் வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்துப் பார்க்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் இருந்தால் கழுவலாம். மின்னும் உலோகத் துகள் ஒட்டினால் அந்த வண்டியின் டர்போ உடைந்திருக்கிறது என்று பொருள். அந்தத் துகளை ஃபின்களுக்குள்ளிருந்து முழுதாக எடுக்க எந்தக் கழுவலாலும் முடியாது. ஒவ்வொன்றாகக் கிளம்பி எஞ்சினுக்குள் போகும். விலை எவ்வளவு குறைந்தாலும் அதை வாங்கக் கூடாது.

எச்சரிக்கை: பழைய கோரை மண்ணெண்ணெயிலோ பெட்ரோலிலோ கழுவிவிட்டு ஈரத்தோடு பொருத்தினால், மிச்சமுள்ளது காற்றோடு எஞ்சினுக்குள் போய் எரியும். டீசல் எஞ்சின் கட்டுப்பாடில்லாமல் தானே ஓடத் தொடங்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. டீகிரீசர் கலந்த சுடுதண்ணீரில் கழுவி, வாய் கீழே இருக்கும்படி சாய்த்து, ஒரு முழு நாள் வெயிலில் காயவைப்பதே பாதுகாப்பு.

பைப், ஹோஸ், கிளாம்ப்

டர்போவிலிருந்து கோர் வரை போவது சூட்டுப் பக்கம். கோரிலிருந்து த்ராட்டில் பாடி வரை குளிர்ப் பக்கம். 200 குதிரைத்திறன் வரை சூட்டுப் பக்கத்துக்கு 50 மி.மீ., குளிர்ப் பக்கத்துக்கு 57 அல்லது 63 மி.மீ. வெளிவிட்டமுள்ள பைப் போதும். 76 மி.மீ. பைப் போட்டால் பார்வைக்குக் கம்பீரம், காலுக்கு மந்தம். 63 மி.மீ. பைப்பே ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 3 லிட்டர் கொள்ளும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் அந்த இடத்தை முதலில் டர்போ நிரப்பியாக வேண்டும்.

1.6 அல்லது 2 மி.மீ. சுவருள்ள அலுமினிய பைப் வாங்கலாம். வளைவுகளுக்கு, உள்ளே மாண்ட்ரல் விட்டு வளைத்த ஆயத்த பெண்டுகளே வேண்டும். வெறும் பெண்டிங் மெஷினில் வளைத்தால் உள்வளைவு சுருங்கி, வட்டம் தட்டையாகிவிடும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஆர்கான் வெல்டிங், லேத், லேசர் கட்டிங் எல்லாம் அடுத்தடுத்த தெருக்களில் கிடைப்பதால், பருத்திப்பட்டு பக்கத்தில் இருப்பவர் வெல்டிங்கை வீட்டில் முயல வேண்டிய தேவை இல்லை. அலுமினியத்தை ஒட்டத் தெரிந்தவரா என்று கேட்டுக்கொண்டுதான் கொடுக்க வேண்டும். இரும்பில் கை தேர்ந்தவர் எல்லாரும் 1.6 மி.மீ. அலுமினியத்தை ஓட்டை விழாமல் ஒட்டிவிட மாட்டார்.

பைப்பின் முனையில் வெளிப்பக்கமாகச் சுற்றி எழும்பும் வரம்பு பீட் எனப்படும். முனையிலிருந்து 8 முதல் 10 மி.மீ. தள்ளி, 2 மி.மீ. உயரத்துக்கு அது இருக்க வேண்டும். இதற்கான கணக்கு எளிது. 1 பார் பூஸ்டில், 63 மி.மீ. பைப்பின் இணைப்பைப் பிரித்துத் தள்ளும் விசை ஏறக்குறைய 32 கிலோ எடைக்குச் சமம். எண்ணெய் ஆவி பட்டு வழுக்கும் மொழுமொழு அலுமினியத்தில் சிலிக்கான் ஹோஸ் அதைப் பிடித்து நிற்காது. பீட் ரோலர் இல்லாத பட்டறையில், முனையைச் சுற்றி நான்கு இடங்களில் சின்ன வெல்டிங் மேடு வைத்து ஃபைலால் கூர் மழுக்கிவிட்டாலும் வேலை நடக்கும்.

ஹோஸ் நான்கு அடுக்கு சிலிக்கானாக இருக்க வேண்டும். டர்போவை ஒட்டிய முதல் ஹோஸ் மட்டும் உள்ளே ஃப்ளோரோசிலிக்கான் பூச்சு உள்ளதாக இருப்பது அவசியம். சாதா சிலிக்கானை எண்ணெய் ஊறவைத்து மெதுவாக இளக்கிவிடும். கிளாம்ப் டி-போல்ட் வகை. அதையும் 8 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்கத் தேவையில்லை. மேலே போனால் ஹோஸ் வெட்டுப்படும், மெல்லிய பைப் நசுங்கும்.

அளந்து பார்க்கும் கட்டம்

அவசரப்படுபவர்கள் தவறுவது இங்கேதான். வெட்டும் முன் ஒரு நாள் முழுக்க அளப்பதற்கே ஒதுக்கலாம்.

1. எஞ்சின் முழுதாக ஆறிய பிறகு பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டு, சில நிமிடம் காத்திருக்க வேண்டும். முன்பக்கத்தில் ஏர்பேக்கின் மோதல் சென்சார்கள் இருக்கும். அவற்றின் மேல் தட்டவோ அருகில் துளை போடவோ கூடாது.

2. வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது. மண் தரையென்றால் ஸ்டாண்டுக்கு அடியில் தடித்த பலகை.

3. முன் பம்பர், அடித்தட்டு, தேவைப்பட்டால் ஹெட்லைட்டைக் கழற்ற வேண்டும். எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்தது என்பதைக் கழற்றும்போதே போட்டோ எடுத்து வைப்பது பின்னால் மணிக்கணக்கை மிச்சப்படுத்தும்.

4. பழைய இன்டர்கூலரையும் பைப்களையும் எடுத்தவுடன், டர்போவின் வாயையும் த்ராட்டில் பாடியின் வாயையும் துணி திணிக்காமல் டேப் போட்டு மூட வேண்டும். திணித்த துணியை மறந்து ஸ்டார்ட் செய்த கதைகள் எல்லாப் பட்டறையிலும் உண்டு.

5. கோரின் அளவுக்கு அட்டையும் தெர்மோகோலும் வெட்டி, ஒரு மாதிரி செய்து இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பம்பரை அதன் மேல் மாட்டி, கிரில்லுக்கும் கோருக்கும் இடைவெளி இருக்கிறதா என்று பார்க்கலாம். ஏசி கண்டென்சரைத் தள்ள நேர்ந்தால் பிராக்கெட்டை மட்டும் மாற்ற வேண்டும். கேஸ் லைனைத் திறக்கக் கூடாது; அது ஏசி மெக்கானிக்கின் வேலை.

6. பைப் போகும் வழியை வளையும் கம்பியாலோ நெளி குழாயாலோ வரைந்து பார்க்க வேண்டும். எஞ்சினோடு சேர்ந்து ஆடும் பாகங்களிலிருந்து 25 மி.மீ., அசையாத பாகங்களிலிருந்து 10 மி.மீ. விலகல் வேண்டும். ஃபேன், பெல்ட், எக்ஸாஸ்ட், ஸ்டீயரிங் ராடு ஆகியவற்றின் பக்கம் போகவே கூடாது. ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடித்து, சக்கரம் உரசுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

குறிப்பு: வழியில் ஒரு 90 டிகிரி வளைவைக் குறைக்க முடிந்தால், பைப் நீளம் 20 செ.மீ. கூடினாலும் பரவாயில்லை.

வெட்டுதல், வெல்டிங்

1. பைப்பைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி, டேப்பின் விளிம்பில் வெட்ட வேண்டும். அப்போதுதான் வெட்டு செங்குத்தாக வரும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் கட்டிங் மெஷினைத் தொடக் கூடாது.

2. வெட்டிய முனையின் பிசிரை உள்ளும் புறமும் ஃபைலால் எடுக்க வேண்டும். உள்ளே விரலை ஓட்டினால் எங்கும் மாட்டக் கூடாது.

3. துண்டுகளை வண்டியிலேயே பொருத்தி, இரண்டு துண்டையும் தாண்டிப் போகும்படி மார்க்கரால் நான்கு கோடு இழுத்து, கழற்றி வெல்டரிடம் கொடுக்க வேண்டும். முதலில் புள்ளி வெல்டிங் மட்டும். வண்டியில் மீண்டும் வைத்துப் பார்த்த பிறகே முழுச் சுற்றும். வண்டியில் பைப் இருக்கும் நிலையில் வெல்டிங் போடக் கூடாது. மின்னோட்டம் ஈசியூ வரை போகும்.

4. சென்சார் நட்டு, டைவர்ட்டர் வால்வுக்கான கிளைக் குழாய் ஆகியவற்றைக் கடைசியில் மறக்காமல் ஒட்டச் சொல்ல வேண்டும்.

5. எல்லா வெல்டிங்கும் முடிந்ததும், பைப்பை நிமிர்த்தி மரக்கட்டையால் தட்டி, தண்ணீர் ஊற்றி, துணியை இழுத்துத் துடைக்க வேண்டும். பைப்புக்குள் வைத்துப் பார்க்கும் வெளிச்சத்தில் ஒரு மினுக்கல்கூடத் தெரியக் கூடாது. கோருக்குப் பின்னால் உள்ள குளிர்ப் பக்கத்தை இரண்டு முறை கழுவுவது நியாயம். அங்கே மிஞ்சும் உலோகத் தூளைத் தடுக்க வழியில் வேறு எதுவும் இல்லை.

டைவர்ட்டர் வால்வு: ஆக்டேவியா போல ஏர் மாஸ் மீட்டர் உள்ள பெட்ரோல் வண்டிகளில், ஆக்ஸிலரேட்டரை விடும்போது வெளியேறும் காற்றை டர்போவின் உள்வாய்க்கே திருப்பிவிட வேண்டும். 'புஸ்' சத்தத்துக்காக அதை வெளியே விட்டால், மீட்டர் எண்ணிக் கணக்கில் சேர்த்த காற்று எஞ்சினுக்கு வராது. பெட்ரோல் மட்டும் வரும். கியர் மாற்றும்போது திணறுவதும் கரும்புகையும் அதன் விளைவு.

பொருத்துதல்

1. கோரை ரப்பர் புஷ் வைத்த பிராக்கெட்டில் தொங்கவிட வேண்டும். நேராக போல்ட் போட்டு இறுக்கினால், நம் சாலைக் குண்டு குழிகளின் அதிர்வில் சில மாதங்களில் காது வெடிக்கும். கோரின் எடையை ஹோஸ் தாங்கும்படி ஒருபோதும் விடக் கூடாது.

2. எஞ்சினில் பிடித்த பைப்புக்கும் பாடியில் பிடித்த பைப்புக்கும் இடையில் ஒரு ஹோஸாவது இருக்க வேண்டும். எஞ்சின் ஆட்டத்தை அது வாங்கிக்கொள்ளும். ஹோஸுக்குள் இரு பைப் முனைகளும் 10 முதல் 15 மி.மீ. இடைவெளியோடு எதிரெதிரே நிற்கட்டும்.

3. கிளாம்ப் பீடுக்கு அப்பால், பைப்பின் நடுவைப் பார்த்த பக்கமாக உட்கார வேண்டும். பீட் மேலேயே உட்கார்ந்தால் இறுக்கியது போலத் தெரியும், பிடிக்காது. பைப்பையும் ஹோஸையும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்து உலர்ந்த நிலையில் மாட்டலாம். எண்ணெயோ கிரீஸோ தடவக் கூடாது.

4. கோரின் பக்கங்களுக்கும் பம்பருக்கும் இடையிலுள்ள சந்துகளை ஃபோம் பட்டையாலோ மெல்லிய பிளாஸ்டிக் தகட்டாலோ அடைக்க வேண்டும். காற்று எளிய வழியையே தேடும். சந்து இருந்தால் கோரைச் சுற்றிக்கொண்டு போய்விடும். செலவு மிகக் குறைந்த இந்த வேலையைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள்.

கசிவுச் சோதனை

பம்பரை மாட்டும் முன் செய்ய வேண்டியது. டர்போவின் உள்வாய்க் குழாய்க்குப் பொருந்தும் பிவிசி மூடியில் டியூப்லெஸ் டயர் வால்வைப் பொருத்தினால் கருவி தயார்.

1. மூடியை டர்போ உள்வாயில், ஏர் மாஸ் மீட்டருக்குப் பிறகு, கிளாம்ப் போட்டு மாட்ட வேண்டும். கிராங்க்கேஸ் பிரீதர் ஹோஸ் அந்தப் பகுதியில் சேருமானால் அதைத் தனியே அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்று எஞ்சினுக்குள் இறங்கி ஆயில் சீல்களைத் தள்ளும்.

2. ரெகுலேட்டர் வைத்த கம்ப்ரசரில் 0.2 பாரில் தொடங்கி, வண்டியின் வழக்கமான பூஸ்ட் அளவு வரை மெதுவாக ஏற்றலாம். அதற்கு மேல் வேண்டாம். மூடிக்கு நேர் எதிரே முகத்தை வைக்கக் கூடாது. கழன்றால் அது தோட்டா.

3. ஒவ்வொரு இணைப்பிலும் வெல்டிங்கிலும் சோப்புத் தண்ணீர் தெளிக்க வேண்டும். குமிழி வந்தால் அழுத்தத்தை முழுக்க இறக்கிய பிறகே கிளாம்பைத் தொடலாம். எக்ஸாஸ்ட் பக்கம் லேசாகக் கேட்கும் சீறல், திறந்து நிற்கும் வால்வு வழியாக வரலாம். கிராங்கைக் கையால் சிறிது திருப்பினால் மாறும்.

ஓட்டிப் பார்த்தல்

பேட்டரியை இணைத்து, பத்து நிமிடம் ஐடிலில் விட்டு, ஃபேன் சரியான நேரத்தில் சுழல்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஓபிடி ஸ்கேனரில் இன்டேக் காற்றின் வெப்பத்தையும் பூஸ்டையும் பார்த்துக்கொண்டே மெதுவாக ஓட்டலாம். பார்ப்பவர் பக்கத்து இருக்கைக்காரராக இருக்கட்டும். முழு ஆக்ஸிலரேட்டர் ஓட்டத்தில், 1 பார் அளவில், இன்டேக் வெப்பம் வெளிவெப்பத்தைவிட 30 டிகிரிக்குள் நின்றால் வேலை நன்று. அதைத் தாண்டிப் போனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சந்து அடைப்பை, கோரை அல்ல. கோருக்கு முன்னும் பின்னும் பூஸ்டை அளந்தால் வித்தியாசம் 0.1 பாருக்குள் இருக்க வேண்டும்.

முழு வேகச் சோதனைக்கு வெளிவட்டச் சாலை இடமல்ல. இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் 3.7 கி.மீ. பந்தயத் தளம் பூந்தமல்லியைத் தாண்டிப் பெங்களூரு நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது; பயிற்சி ஓட்டத்துக்கு அனுமதி உள்ள நாளில் அங்கே பார்த்துக்கொள்ளலாம்.

தவறு கண்டுபிடிக்க

பூஸ்ட் ஏறாமல் புகை வந்தால் சூட்டுப் பக்கமோ குளிர்ப் பக்கமோ ஒரு ஹோஸ் கழன்றிருக்கும். ஐடில் ஏறி இறங்கினால் மீட்டருக்கும் டர்போவுக்கும் இடையில் கசிவு, அல்லது ஒரு வாக்குவம் ஹோஸ் மாட்டப்படவில்லை. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் விசில் சத்தம் வந்தால் வெல்டிங்கில் ஊசித்துளை. மேடு ஏறும்போது மட்டும் 'டக்' என்ற சத்தம் கேட்டால், எஞ்சின் சாய்ந்து பைப் எங்கோ இடிக்கிறது. பெயிண்ட் உரசிய தடத்தைத் தேடினால் இடம் தெரிந்துவிடும்.

பராமரிப்பும் மழைக்காலமும்

முதல் 500 கி.மீ. ஆனதும் எல்லாக் கிளாம்பையும் ஆறிய எஞ்சினில் ஒரு முறை இறுக்கிப் பார்க்க வேண்டும்; புதிய சிலிக்கான் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். ஃபின்களில் ஒட்டும் பூச்சியையும் சேற்றையும் சாதாரணத் தோட்டக் குழாயால், பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாகக் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸ் பிரஷர் கன்னை அருகில் பிடித்தால் ஃபின்கள் படுத்துவிடும். ஆண்டுக்கு ஒரு முறை கோரின் அடி ஹோஸைக் கழற்றி, தேங்கிய எண்ணெயை வடிக்க வேண்டும். ஒரு மேசைக்கரண்டி அளவு வழக்கம். அரை டம்ளர் வந்தால் டர்போவின் சீலைப் பார்க்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழையில் இந்தப் பகுதித் தெருக்களில் முழங்கால் ஆழம் தண்ணீர் நிற்பது புதிதல்ல. கோர் நனைவதால் கேடில்லை. ஏர் ஃபில்டரை பம்பருக்குள் தாழ்வாக இறக்கி வைத்திருந்தால்தான் ஆபத்து. பைப்பிங்குக்கு இடம் தேடும்போது ஃபில்டரைத் தொழிற்சாலை வைத்த உயரத்திலிருந்து கீழே கொண்டுவரக் கூடாது. தண்ணீரில் எஞ்சின் நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் செய்யாமல், வண்டியைத் தள்ளி மேட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். ஃபில்டர் பெட்டியையும் கோரின் அடி ஹோஸையும் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு சொட்டு வந்தாலும் ஸ்பார்க் பிளக்கை, டீசலில் இன்ஜெக்டரையோ குளோ பிளக்கையோ கழற்றி, எஞ்சினைக் கையால் சுற்றிச் சிலிண்டரை வடித்த பிறகே சாவியைத் திருப்பலாம்.